போவதற்கு ஒரு கோட்டு, வருவதற்கு ஒரு கோட்டு

வெளிநாட்டில் குடியேறப் போகிறவன் முன்கூட்டியே செய்யவேண்டிய ஏற்பாடுகள் இரண்டு வகைப்படும். அரசாங்கத்துக்குச் செய்வது ஒன்று; ஊராருக்குச் செய்வது மற்றொன்று. பிரயாணத்துக்கென்று தனியாக எதுவும் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

இராஜசிங்கம் சிங்கப்பூரில் ஓர் ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் மேல்தட்டில் ஒரு பாயோடு வந்து இறங்கியவர். அப்போது அவரை யாரும் வழியனுப்பவும் இல்லை, வரவேற்கவும் இல்லை. இப்போது போர்னியோத் தீவின் சண்டக்கானில் ஒரு மரக் கம்பெனி அவரைப் பெரிய கிராணியாக அழைத்திருந்தது. முதலில் அவர் போய் வீடு பார்ப்பது, பிறகு மனைவி யோகத்தை அழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. ஆபீஸ் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஊராருக்கான ஏற்பாடு சிராங்கூன் சாலையில் சேக் தாவூது கடையில் ஆரம்பமானது. சிங்கப்பூரில் அடிக்கிற வெயில்தான் சண்டக்கானிலும் அடிக்கிறது. ஆனாலும் கம்பளிக் கோட்டு போடாமல் போகிறவனை வெளிநாடு போகிறான் என்று யார் நம்புவார்கள்?

"கோட்டு போறதுக்கா, வர்றதுக்கா?" என்று கேட்டார் சேக் தாவூது.

"போறதுக்குத்தான்."

"அப்பத் தடிச்சதாவே எடுத்துக்குங்க, கிராணியாரே."

கேள்வி இராஜசிங்கத்துக்கு விளங்கவில்லை. கடைக்காரர் கேட்பதையெல்லாம் விளங்கிக்கொள்ள நின்றால் கடையை விட்டு வெளியே வரமுடியாது.

பிரியாவிடைக் கூட்டத்துக்குத் தலைமைக் கிராணி ரங்கூன் கந்தப்பு தலைமை வகித்தார். சில காலம் ரங்கூனில் இருந்து திரும்பியவர் என்பதால் அந்தப் பெயர். அந்த அனுபவத்தால்தான் அந்த நாற்காலியும். "அன்னாரது பிரிவென்னும் ஆறாத் துயரில் மூழ்கிக் கிடக்கும் யாம்" என்று அவர் வாசித்தபோது சபை கண்ணைத் துடைத்தது. எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் கந்தப்புவின் மைத்துனர் இராஜரத்தினம். இராஜசிங்கத்தின் நாற்காலி அவருக்கென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

மாலையோடும் கோட்டோடும் இராஜசிங்கம் துறைமுகத்துக்குப் போனார். அங்கேதான் அரசாங்கத்துக்கான ஏற்பாடு காத்திருந்தது. கப்பல் ஏறுகிறவர்களுக்கு அம்மைத் தடுப்பு குத்தியிருக்கவேண்டும். அதைப் பார்ப்பவர் துறைமுக வைத்தியரின் உதவியாளர் மருதப்பன்.

"கை வீங்கியிருக்கா?"

"நல்லாய் வீங்கியிருக்கு."

"நல்லது, குத்து புடிச்சிருக்கு. காய்ச்சல் இருக்கா?"

"குத்தினதாலை கொஞ்சம் காயுது."

"காய்ச்சல்காரரைக் கப்பல்ல ஏத்தக்கூடாதே."

"அப்ப காய்ச்சல் விட்ட பிறகு வாறன்."

"தாராளமா வாங்க. ஆனா அதுக்குள்ள வீக்கம் வத்திட்டா மறுபடியும் குத்திக்கணும்."

"குத்தினால் காய்ச்சல் வருமே?"

"வரணும். வரலைன்னா குத்தினது சரியில்லைன்னு திருப்பி அனுப்பிடுவோம்."

"அப்ப ஆர்தான் கப்பல் ஏறுறது?"

மருதப்பன் யோசித்தார். நல்ல மனுஷன், பொய் சொல்ல மனம் வரவில்லை. "வீக்கத்துக்கு ஒரு இலாகா, காய்ச்சலுக்கு ஒரு இலாகா. ரெண்டும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டதில்ல. நீங்க அடுத்த கப்பலுக்கு வாங்க."

அடுத்த கப்பலுக்கும் போனார், அதற்கடுத்ததற்கும் போனார். குத்திக்கொள்ளக் கையில் இடம் இல்லாமல் போனதுதான் மிச்சம். மரக் கம்பெனிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே சண்டக்கானிலேயே இருந்த ஒருவரைப் பெரிய கிராணியாக்கினார்கள். அவருக்கு அம்மை குத்தவேண்டியிருக்கவில்லை.

வீட்டில் யோகம் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். "இஞ்சருங்கோ, வெளியாலை தலை காட்டாதேங்கோ. மாலை போட்ட சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" அக்கம்பக்கத்தார் விசாரித்தால், "சுகமாய் இருக்கிறார். அங்கை குளிர்தான் கொஞ்சம் கூடவாம்" என்பாள். சண்டக்கானில் குளிரால் நடுங்கிக்கொண்டிருந்தவர் உள்ளே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அரிசிப் பானைக்கு மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் உலை வைக்க வழியில்லை என்ற பயம் இருவரையும் பிடித்துக்கொண்டது.

கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்க் கந்தப்புவின் முன்னால் நின்றார்.

"பழைய வேலையைத் தாருங்கோ, ஐயா."

"நீர் போயிட்டீர் காணும்."

"நான் இஞ்சை நிக்கிறன்."

"அது உம்முடைய அபிப்பிராயம். நாங்கள் எல்லாரும் அழுதாச்சு. அழுததைத் திருப்பி எடுக்க ஏலுமோ?"

"வீட்டிலை அரிசி இல்லை, ஐயா."

கந்தப்பு கண்ணாடியைக் கழற்றினார். குரலும் இறங்கியது. "போகாதவனுக்கு வேலை குடுக்க விதியில்லை. வெளிநாடு போய்த் திரும்பினவனுக்கு விதி இருக்கு. முந்தினதிலும் பெரிய வேலையாய்க் குடுக்கலாம். நீர் திரும்பி வாரும்."

"போகாமல் எப்பிடித் திரும்புறது?"

"வெள்ளிக்கிழமை கிழக்கேயிருந்து கப்பல் வருது. சனம் இறங்கேக்கை கூடவே நடந்து வாரும், மாலையோடை நிக்கிறம். அதுவரைக்கும் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னாலை, மூண்டாம் தூணடியிலை நில்லும். அங்கை வெய்யில் படாது. நானும் அதடியிலைதான் நிண்டனான்."

"ரங்கூனிலை குளிரோ, ஐயா?" என்று கேட்டார் இராஜசிங்கம்.

"சொல்லி வேலையில்லை" என்றார் கந்தப்பு.

வெள்ளிக்கிழமை இராஜசிங்கம் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் பின்னால் போனார். மூன்றாம் தூணடியில் ஏற்கெனவே ஐந்தாறு கனவான்கள் கோட்டும் தொப்பியுமாய் நின்றார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"சண்டக்கான்."

"நானும் அங்கேயிருந்துதான். இவரு ஹாங்காங்" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். பக்கத்தில் நின்றவர் மருதப்பன்.

இராஜசிங்கத்துக்கு மட்டும் வேர்வை ஆறாய் ஓடியது. மற்றவர்கள் சௌகரியமாய் நின்றார்கள். மருதப்பன் அவருடைய கோட்டு நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பரிதாபமாய்த் தலையாட்டினார்.

"போறதுக்கு உள்ளதை வாங்கிட்டீங்களே, ஐயா. வர்றதுக்கு உள்ளது மெல்லிசா இருக்கும். அதுதான் சேக் தாவூது கடைல நிறைய விக்கும்."