ஒற்றை விரலுக்கு ஆடிய கொட்டகை

உடையப்பன் ஒற்றை விரலால் தூணைத் தள்ளினான். மொத்தக் கொட்டகையும் ஆடியது.

"நல்லதுதானே தம்பி, எனக்குத் தொட்டில் ஆட்டுற வேலை மிச்சம்" என்றாள் ஆயா முத்தம்மா. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் விட்டுச் செல்லும் பதினைந்து குழந்தைகளும் அவள் பொறுப்பு. பதினைந்தாவது, உடையப்பனின் ஆறு மாத மகள்.

கப்பலில் வந்த இரும்புச் சட்டம் அது. கொக்குக் கால் போலத் தூண்கள், மேலேயும் சுற்றிலும் தகரம். தோட்டத்துத் துரை தெளிவாகச் சொல்லியிருந்தார்: இது நின்றால், ஒழுகுகிற அத்தாப்பு ஓலை லயத்தை இடித்துவிட்டு இருபது வீடும் இதேபோல். இரும்பும் குறைவு, செலவும் பாதி. விழுந்தால் பழைய அத்தாப்பே கதி. வியாழக்கிழமை பார்க்க வருவார்.

தோட்டத்தில் இயந்திரம் பூட்டும் பிட்டர் உடையப்பன், சட்டத்தோடு வந்த படத்தை விரித்து, தாள் மடிந்து விழுந்தவை என்று சில கோடுகளை ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே பூட்டியிருந்தான். சாமான் கட்டி வந்தவை என்று, முனையில் நட்டு மாட்டிய எட்டு மெல்லிய கம்பிகளைப் புல்லில் வீசினான். தூண்களில் சில துளைகள் மிஞ்சின.

"வெள்ளைக்காரன் ரெண்டு துளை கூடத்தான் போடுவான்லா" என்று வண்டிக்கார மாயாண்டியிடம் விளக்கமும் சொன்னான்.

திங்கட்கிழமை எல்லா நட்டையும் இறுக்கினான். ஆடியது, கூடவே கீச்சிட்டது.

"கனம் பத்தலண்ணே" என்றான் மாயாண்டி.

செவ்வாய்க்கிழமை கூரைமேல் நாலு பால்மரக் கட்டைகளை ஏற்றினார்கள். இப்போது கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவன் போல நிதானமாக, அகலமாக ஆடியது.

புதன்கிழமை நாலு மூலையிலும் கயிறு போட்டு நாலு ரப்பர் மரங்களில் கட்டினான். காற்று வீசியது. மரங்கள் ஆடின. அவை ஆளுக்கொரு பக்கம் கொட்டகையை இழுத்தன.

"தம்பி, நனைஞ்ச துணி மலையா கெடக்கு. வெளியே மழை. எங்க காயப்போடுறது?"

"உள்ளுக்குள்ள எங்கயாச்சும் கொடி கட்டிக்கக்கா. என் பொழப்பே தொங்குது."

வியாழன் காலை கயிறுகளை அறுத்துவிட்டு, முட்டுக்கொடுக்கத் தடித்த கட்டை வாங்க மாயாண்டியின் வண்டியில் பீடோர் பட்டணத்துக்கு ஓடினான். ஆறு கட்டைகளோடு திரும்பும்போது வானம் கறுத்தது. பாதி வழியில் புயல் பிடித்துக்கொண்டது. கண்ணெதிரே ஒரு மரம் வேரோடு சாய்ந்து பாதையை மறித்தது.

"அண்ணே, மரமே விழுதுலா. அந்தக் கொட்டகை..."

மாயாண்டி முடிக்கவில்லை. உடையப்பன் குதித்து ஓடினான். பதினைந்து குழந்தைகள். அதில் ஒன்று அவனுடையது. வீடும் வேண்டாம், வேலையும் வேண்டாம், பிள்ளைகள் மட்டும் போதும் என்று மாரியம்மனிடம் வழியெல்லாம் கெஞ்சினான்.

மழை விட்டபோது வந்து சேர்ந்தான். அவன் கயிறு கட்டிய நாலு மரங்களில் இரண்டு தரையில் கிடந்தன. கொட்டகை நின்றது.

உள்ளே போனான். சுவர் முழுக்கப் பிள்ளைத் துணிகள். பதினைந்தும் தூங்கின. விரலால் தூணைத் தள்ளினான், அசையவில்லை. தோளால் முட்டினான், தோள்தான் வலித்தது.

கண்ணில் நீர் முட்டியது. மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு. கூரைமேல் இருந்த கட்டைகளுக்கு ஒரு கும்பிடு. வண்டியை விட்டு இன்னும் இறங்காத ஆறு கட்டைகளுக்கும் பீடோர் திசை நோக்கி ஒன்று. மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

குடையோடு வந்த துரை வெளியே நின்று தூணைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

"படத்துல இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கே, உடையப்பன். இருபது வீடும் நீதான் கட்டணும்" என்று சொல்லி, சேற்றைத் தாண்டி வாசலை நோக்கி நடந்தார்.

"ரொம்ப நன்றிங்க தொரை" என்ற உடையப்பனுக்கு, அந்தப் படத்தில் இருக்கிறபடி தான் எதைச் செய்தோம் என்று மட்டும் விளங்கவில்லை.

முத்தம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, நீ வீசுன எட்டுக் கம்பியையும் அந்தச் சும்மா கெடந்த துளையில மூலைக்கு மூலை குறுக்க மாட்டி, தொய்யாம நட்டைத் திருகித்தான் துணி காயப்போட்டிருக்கேன், தொரை உள்ள வர்றதுக்குள்ள கழட்டிரவா?"