நெறி கட்டியதைக் கொண்டாடியவர்

விளக்கர் என்று ஓர் இனம் உண்டு. விளக்குமாற்றுக்கும் இவருக்கும் பெயரளவில்தான் உறவு. அது குப்பையைத் தள்ளும், இவர் குவிப்பார். குழாய் உடைந்து கூடத்தில் தண்ணீர் நின்றால் நீங்களும் நானும் வாளியைத் தேடுவோம். இவரோ கணுக்கால் நனைய நின்றுகொண்டு, நீரழுத்தம் என்றால் என்னவென்று ஆரம்பிப்பார். கெட்டவரா? ஐயோ, இல்லை. எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அந்த எறும்புக்கு எத்தனை கால் என்று உங்களுக்குச் சொல்லாமல் விடவும் மாட்டார்.

நான் சொல்ல வந்த விளக்கர் கல்லூரியில் நோய் எதிர்ப்பியல் நடத்துபவர். வகுப்பில் மாணவர்கள் தூங்கிவிடுவதால் மிஞ்சுகிற விளக்கமெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அங்கே அதை வாங்கிக்கொள்ள ஒரே ஆள்: அவர் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர்.

ஒரு சனிக்கிழமை மாலை, பரணிலிருந்து இறக்கிய பழைய நாற்காலியின் துருப்பிடித்த ஆணி டீச்சரின் உள்ளங்காலில் ஏறிவிட்டது. காலைக் கழுவித் துணியைச் சுற்றிக்கொண்டு, "ஊசி போட்டுக்கணும், வண்டியை எடுங்க" என்றார்.

"எடுக்கலாம், எடுக்கலாம். அதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோ" என்று விளக்கர் எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியும்.

"தோல்ல டென்ட்ரிடிக் செல்லுன்னு ஒண்ணு இருக்கு. மரக்கிளை மாதிரி கையை விரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். கிருமி வந்துச்சா, அப்படியே முழுங்கி, துண்டு துண்டா வெட்டி, அந்தத் துண்டை வெளியில மாட்டிக்கும்."

"மாட்டிக்கிட்டு?" என்று கேட்டுத் தொலைத்தார் டீச்சர்.

"மாட்டிக்கிட்டுக் கிளம்பிடும்! நேரா நிணநீர் முடிச்சுக்கு, அதான் நெறி கட்டுமே, அந்த இடத்துக்கு. அங்க டி செல்லுங்க கும்பல் கும்பலா சும்மா சுத்திக்கிட்டு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். பொருந்துற ஆள் கிடைக்கிற வரைக்கும் இது காட்டிக்கிட்டே நிக்கும். பொருந்தினா மட்டும் போதுமா? போதாது! 'இது ஆபத்து'ன்னு ரெண்டாவது சைகையும் குடுக்கணும். அப்பதான் டி செல் பெருகும், பி செல்லை உசுப்பி விடும், அந்தக் கிருமிக்குன்னே எதிர்ப்பொருள் தயாராகும்."

விளக்கத்தில் எதிர்ப்பொருள் தயாரானபோது தெருமுனை மருத்துவர் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். மறுநாள் ஞாயிறு. கால் வீங்கியது, விளக்கர் வீக்கத்தை விளக்கினார். உடம்பு கொதித்தது, கொதிப்பையும் விளக்கினார். வேறு மருத்துவரைப் பார்க்கலாமே என்றதற்கு, "உடம்புக்குக் கொஞ்சம் அவகாசம் குடு" என்றார்.

திங்கள் காலை டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு. தொடவே முடியலை."

வேறொரு கணவனாக இருந்தால் பதறியிருப்பான். இவர் துள்ளினார். "கட்டிடுச்சா! பாத்தியா, சேதி போய்ச் சேர்ந்தாச்சு! நான் என்ன சொன்னேன்?" பேனாவை எடுத்து, நேற்றைய செய்தித்தாளின் ஓரத்தில் நிணநீர் முடிச்சைப் படமாகவே போட ஆரம்பித்தார்.

டீச்சர் புடவையைக் கொஞ்சம் உயர்த்தினார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவப்பாக ஒரு கோடு. அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"ஒரு சந்தேகம்."

விளக்கர் உருகிப்போனார். அவரிடம் சந்தேகம் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது! "கேளு, கேளு."

"அந்தச் செல்லுக்கு மூளை இருக்கா?"

"சேச்சே, அது ஒத்தைச் செல்லு."

"மூளையே இல்லாதது, கிருமியைப் பாத்ததும் எழுந்து போய், சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடுச்சு. மூளை இருக்கிற நீங்க சனிக்கிழமையிலேர்ந்து அடிச்சு வச்ச ஆணியாட்டம் உட்கார்ந்திருக்கீங்களே, அது எதனாலன்னு கொஞ்சம் விளக்குங்க."

பேனா கீழே விழுந்தது. விளக்கருக்கு அப்போதுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. பாடமாக அல்ல, மனைவியின் காலாக. சாவியைத் தேடி எடுத்தார். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததுகூடத் தெரியாமல் வண்டியை விரட்டினார்.

"இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாயிருக்கும். படிச்சவங்கதானே?" என்று மருத்துவர் எரிந்து விழுந்தார். காலைக் கீறிச் சீழை எடுத்து, ஊசிகள் போட்டு, டீச்சரை மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் இருந்தவரிடம் நர்ஸ், "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஆணி குத்திடுச்சு" என்றார் விளக்கர். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் பிழைத்து, நொண்டிக்கொண்டே வீடு வந்தார். பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தபோது விளக்கர் நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்தார். திருந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது கூடத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது:

"அக்கா, தோல்ல டென்ட்ரிடிக் செல்லுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

அக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தன் வீட்டுக்காரரை உட்கார வைத்து, அது எப்படிக் கையை விரிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பசி என்று கேள்வி.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, சரிதான். ஆனால் இதைப் படித்ததிலிருந்து பக்கத்தில் இருப்பவர் பக்கம் அடிக்கடி திரும்புகிறீர்களே, நாக்கு நுனியில் என்ன? வாயைத் திறக்குமுன், அவர் காலில் ரத்தம் ஏதும் வழிகிறதா என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.