வைஃபை வாத்தியாரும் தாழ்ப்பாள் இல்லாத கதவும்

பினாங்குத் தீவில் மதில் கட்டிய பள்ளிக்கூடங்கள் நிறைய இருக்கின்றன. மதிலே இல்லாத பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான். அது வைஃபை வாத்தியாரின் தலைக்குள் இருந்தது. அதற்குக் கிழக்கு எல்லை பட்டர்வொர்த், மேற்கு எல்லை பாலிக் பூலாவ், மேலே தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டு. நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். கடலையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் ஜாகா, அதாவது வாசல் காவல்காரன். கேட்டுக்கு உள்ளே எது, வெளியே எது என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். அந்த வேலையை ஒரு மனிதர் வருடக்கணக்கில் அர்த்தமில்லாமல் ஆக்கினார். நான் அதிகம் பேசாதவன். அதனால் இந்தக் கதை இத்தனை நாள் எனக்குள்ளேயே கிடந்தது. எழுதினால் யாரும் குறுக்கே கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அவர் எங்கள் பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியர். வைஃபை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சுவரைத் தாண்டி வருவார், கண்ணுக்குத் தெரியமாட்டார், வேண்டாத நேரத்தில் முழுப் பலத்தோடு இருப்பார். ஆள் குள்ளம். கால்சட்டையை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே கட்டியிருப்பார். சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று, பிள்ளைகள் இணையத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்கு.

அந்த இரண்டாவது போனில் அவருக்கு ஒரு மாறுவேடம் இருந்தது. டுரியான் வியாபாரி. முகப்பில் முள்ளுத் தோல் பிளந்த டுரியான் பழத்தின் படம், பெயரும் டுரியான் கடைப் பெயர். அந்த வேடத்தில் மாணவர்களின் பக்கங்களைச் சுற்றி வருவார். யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். தெரியாத பிள்ளையே பள்ளியில் கிடையாது. எந்த டுரியான் வியாபாரி ஒரு பையனின் படத்துக்குக் கீழே வந்து, "காலரைச் சரிசெய்யவும். நாளை காலை ஏழரை. பெற்றோருடன் வரவும்" என்று எழுதுவான்?

ஒருமுறை ஒரு மாணவனின் அப்பா, உண்மையான கடை என்று நம்பி, விலை விசாரித்துவிட்டார். "நான் வாத்தியார்" என்று அவர் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வேடம் கலையக்கூடாதே. நம் ஆள் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாலிக் பூலாவ் போய், ஒரு கூடை பழம் வாங்கி, அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். மறுநாள் அந்தப் பையன் கேட்டில் என்னிடம், "ஜாகாண்ணே, சார் கொண்டாந்த பழம் நல்லா இருந்துச்சு லா. அடுத்த வாரமும் வருமான்னு எங்கப்பா கேக்கச் சொன்னாரு" என்றான்.

பட்டர்வொர்த் பெரியில், அதாவது கடலைக் கடக்கும் பயணிகள் படகில், நடந்ததைப் பையன்களே எனக்கு நடித்துக் காட்டினார்கள். பள்ளி முடிந்து வீடு திரும்பும் மூன்று பேர், சரித்திர ஆசிரியர் நடப்பதுபோல் நடந்து நேரலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் நாளிதழைத் தாழ்த்தினார். வைஃபை.

"சார், ஸ்கூல் விட்டாச்சு சார். இது கடலு" என்றான் துணிந்த ஒருவன்.

"சட்டை யாருது?"

"எங்கம்மா வாங்குனது சார்."

"சட்டையில இருக்கிற பேட்ஜ் யாருது?"

பையன் கையால் பேட்ஜை மூடினான்.

"பேட்ஜ் இருக்கிற எடம் ஸ்கூலு. காலரச் சரி பண்ணு. நாளைக்குக் காலையில ஏழரை. அப்பா அம்மாவோட வா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பக்கத்தில் நின்றிருந்த ஒரு வங்கி ஊழியரும் தன் காலரைச் சரி செய்துகொண்டாராம்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் ஒரு பையன் நீளமான முடியோடு படம் போட்டான். டுரியான் வந்து முடி வெட்டச் சொன்னது. இது நேர்த்திக்கடன் முடி என்று பையன் பணிவாகப் பதில் எழுதினான். டுரியான் யோசித்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் மொட்டை அடித்து, சந்தனம் பூசி அவன் படம் போட்டதும், "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அதோடு ஒரு லைக். டுரியான் தன் வாழ்நாளில் போட்ட முதல் லைக் அது என்று பள்ளியே பேசியது.

இப்படி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் தர்ஷினியின் வீடியோ வந்தது.

தர்ஷினி ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு. அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அந்தப் பிள்ளைக்கு நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும். நல்ல மார்க்கு வாங்குவாள். அதைவிட நன்றாகப் பேசுவாள். பெண்கள் கழிவறையில் பல மாதங்களாக ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களிடம் சொல்லிப் பார்த்தார்கள். சொன்னது காற்றோடு போயிற்று.

ஒரு சனிக்கிழமை தர்ஷினி தன் வீட்டில், அட்டைப் பெட்டியை வெட்டிக் கழிவறை மாதிரி ஒன்று செய்தாள். பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு, சுற்றுலா வழிகாட்டிபோல் பேசி வீடியோ எடுத்தாள். "வாங்க, வாங்க. ஜார்ஜ்டவுன்ல பாக்க வேண்டிய பாரம்பரியச் சின்னம் இது. எங்க ஸ்கூல் கக்கூசு. பழமை கெடாம அப்படியே வச்சிருக்கோம். தாப்பா மட்டும் காணாமப் போச்சு. உள்ள போறவங்க தயவுசெஞ்சு ஒரு நம்பிக்கையான தோழியோட வரவும்."

ஞாயிறு மாலைக்குள் தீவு முழுக்கப் பார்த்தாயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் பழைய மாணவர்கள். பள்ளிக்கூடத்தின் மானம் போய்விட்டதாம். வளர்ந்த ஆண்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், பதினேழு வயதுப் பெண்ணின் நிறத்தைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் எழுதினார்கள். அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. திங்கட்கிழமை அவள் கேட்டுக்குள் வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. வழக்கமாக "ஜாகாண்ணே, சாப்டீங்களா" என்பவள், அன்று தலை நிமிரவில்லை.

பத்து மணிக்கு முதல்வர் அம்மையார் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்குள் அவள் போன் கொண்டுவந்தாளா என்று தெரிய வேண்டுமாம். இல்லை என்றேன். அங்கே வைஃபை வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார். முதல்வர் கெட்டவர் அல்ல. காலையிலிருந்து பழைய மாணவர்கள் போன் போட்டு அவரை வறுத்துக்கொண்டிருந்தார்கள். மலாயில் அவர் சொன்னதன் சுருக்கம் இது: இரண்டு வாரம் இடைநீக்கம். அதை நன்னடத்தைச் சான்றிதழில் எழுதுவது.

அந்த இரண்டு வாரத்தில்தான் முன்னோட்டத் தேர்வு. அந்தச் சான்றிதழைக் கேட்காமல் எந்த நர்ஸ் கல்லூரியும் சேர்ப்பதில்லை. எனக்கே அது தெரியும்.

வீட்டில் எடுத்த வீடியோ ஆயிற்றே என்று வாத்தியார் மெதுவாகச் சொன்னார். முதல்வர் போனைத் திருப்பிக் காட்டினார். தர்ஷினியின் சட்டையில் பள்ளி பேட்ஜ் பளிச்சென்று தெரிந்தது. பேட்ஜ் இருக்கிற இடம் பள்ளிக்கூடம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருவது யார் என்று கேட்டார்.

வைஃபை வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"ஜாகா, அந்தப் புள்ள ஸ்கூலுக்குள்ள இருந்திருக்கா. ஸ்கூலுக்குள்ள இருந்த புள்ளைய இத்தன பேரு வந்து திட்டிட்டுப் போயிருக்கானுங்க. யாரு உள்ள விட்டது?"

"நான் யாரையும் விடல சார்" என்றேன்.

"தெரியும். நீ விடல."

பிறகு முதல்வரிடம் மலாயில் நிதானமாகப் பேசினார். அவள் பேசியதை விசாரிக்கப் பள்ளிக்கு அதிகாரம் இருக்கிறதென்றால், அவளைப் பேசியதை விசாரிக்கவும் பள்ளிக்குக் கடமை இருக்கிறது. இரண்டும் உண்டு, இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. திட்டியவர்கள் எல்லாரும் இந்தப் பள்ளி மாணவர்கள். பழையவர்கள் என்பதால் விட்டுவிட முடியாது. வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுங்கள், அவர்களை முதலில் விசாரிக்கிறேன் என்றார். யார் வரப்போகிறார்கள் என்று முதல்வரும் நேரம் கொடுத்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து டுரியான் வேலையைத் தொடங்கியது. வசை ஒவ்வொன்றின் கீழும், அவரவர் எழுதிய மொழியில், ஒரே வாசகம். "காலரைச் சரிசெய்யவும். நாளை காலை ஏழரை, டிசிப்ளின் அறை. பெற்றோருடன் வரவும்."

தீவே சிரித்தது. "டுரியானுக்கு ஏன்டா இவ்வளவு கோவம்" என்று ஒருவன். "முள்ளு குத்துது லா" என்று இன்னொருவன். மறுநாள் ஏழரைக்கு வாத்தியார் அறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் யாரும் வரவில்லை. தர்ஷினி என் கேட்டைத் தாண்டும்போது அந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்ப்பாள், போய்விடுவாள்.

வியாழக்கிழமை ஏழு மணி தாண்டியதும் ஒருவர் கேட்டுக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், வயிறு முந்தியிருந்தது. சட்டையை உள்ளே விட்டு, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் வயதான அம்மா ஒருவர்.

"அண்ணே, டிசிப்ளின் ரூமு இன்னும் அதே எடத்துலதான் இருக்கா?"

"ஆமா. புள்ள எந்த வகுப்பு?"

அவர் கேட்டுப் பக்கத்து மரத்தைப் பார்த்தார். அந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"புள்ள இதுதான் தம்பி."

பட்டர்வொர்த்தில் ஜன்னல் கிரில் அடிக்கிற கடை வைத்திருக்கிறாராம். பெரி பிடித்து வந்திருந்தார்கள். டுரியான் யாரென்று எப்படித் தெரிந்தது என்று நடந்துகொண்டே கேட்டேன். "அந்த வாசகத்த வாசிச்சதும் காதுல சாரோட குரல் கேட்டுச்சுண்ணே. அதுக்கப்புறம் தூக்கம் வரல" என்றார்.

அம்மாவுக்கு நாற்காலி போடும் சாக்கில் நானும் அறையில் நின்றுவிட்டேன்.

"என்ன எழுதுன? படி" என்றார் வாத்தியார்.

"சார், அம்மா இருக்காங்க சார்."

"அதுக்குத்தான் வரச் சொன்னேன். படி."

அவர் படித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தின் மானம் போகிறதே என்ற கோபத்தில் எழுதிவிட்டதாகவும், வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை என்றும் முணுமுணுத்தார். அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருந்தா இத எழுதுவியா?" என்று கேட்டார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, "அந்தக் கக்கூசு எங்கங்கய்யா? நான் பாக்கணும். எனக்கும் பெரியில வந்ததுல கொஞ்சம் அவசரம்" என்றார்.

பெண்கள் கழிவறைக்கு வாத்தியார் போக முடியாது, நான் போக முடியாது. தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்த முதல்வரே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் கண்டதை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். கழிவறையின் முன்வாசல் திறந்திருந்தது. பள்ளி முதல்வர், பட்டுத் துண்டும் கைப்பையுமாக, தாழ்ப்பாள் இல்லாத கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"விட்றாதம்மா. புடிச்சுக்க."

முதல்வருக்குத் தமிழ் தெரியாது. நன்றாகப் புரிந்துவிட்டது. வகுப்பு மாறும் மணி அடித்து, பிள்ளைகள் வந்து வரிசையாக நின்று பார்க்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

இடைநீக்கம் என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் வைஃபை வாத்தியாரின் நீதிமன்றத்தில் யாரும் சும்மா வெளியே போனதில்லை. கிரில் கடைக்காரருக்குத் தண்டனை: சனிக்கிழமை கருவிகளோடு வந்து எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடுவது. தர்ஷினிக்கும் தண்டனை: வீடியோவில் சீருடையில் பெயர்ப்பட்டை இல்லை என்ற குற்றத்துக்காக, அவருக்குத் திருகாணி எடுத்துக் கொடுப்பது.

சனிக்கிழமை கழிவறைக்கு வேறு பெண்கள் வராததால் நானும் உள்ளே போய் நிற்க முடிந்தது. அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். கடைக்காரர் ஒவ்வொரு கதவாகத் துளை போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கதவில்தான் வாய் திறந்தார்.

"மன்னிச்சிரு தங்கச்சி. நான் எழுதுனது ரொம்பத் தப்பு."

தர்ஷினி அடுத்த திருகாணியை எடுத்துக் கொடுத்தாள். "கொஞ்சம் மேல ஏத்திப் போடுங்க அங்கிள்" என்றாள். "சின்ன வகுப்புப் புள்ளைங்க உடைச்சிருவாங்க."

அன்று மாலை கடைக்காரர் தன் பழைய வசையை அழித்துவிட்டு, "நான் போய்ட்டு வந்துட்டேன். அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். நீங்களும் போங்க லா" என்று எழுதினார். மற்றவர்கள் வரவில்லை. ஆனால் வசைகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் காணாமல் போயின.

தர்ஷினி இப்போது நர்ஸ் படிப்பில் இருக்கிறாள். வைஃபை வாத்தியார் போன வருடம் ஓய்வு பெற்றார். கடைசி நாளில் மாலையும் போடவிடவில்லை, பேசவும் விடவில்லை. என் கேட்டைத் தாண்டும்போது திரும்பி நின்று, கேட்டை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல கேட்டுதான்" என்றார். போய்விட்டார்.

பள்ளியை விட்டுப் போகுமுன் தர்ஷினி என் போனில் எனக்கும் ஒரு பக்கம் திறந்து கொடுத்திருந்தாள். எனக்கு எதையும் போடக் கூச்சம். சென்ற மாதம்தான் துணிந்து, கேட்டுக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்கும் என் படத்தைப் போட்டேன். வெயிலுக்குக் கழுத்துப் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பனியனோடு காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. பிளந்த டுரியான் படம். ஒரே வரி.

"காலரைச் சரிசெய்யவும்."

எழுந்துபோய், கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் லைக் போட்டேன்.