காற்றில் வீசியதும் ஓர் அடி

பசுமை ஆண்டு ஏழு, வைகாசி 12. இன்றைய பிழை: மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று அடி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு. நூற்று நாற்பத்து நான்கு. மூன்றாம் குழிக்கு அருகே மட்டை பந்தில் படாமல் வெறுமே போனது. காற்றில் வீசியதும் ஓர் அடிதான் என்கிறது விதி. நாளை போய்த் திருத்த வேண்டும்.

அஞ்சுகம் பேனாவை மூடினாள். பகலில் மாவு மில்லில் எடை பார்ப்பவள் அவள்; மாலையில் அளவையியல் வகுப்பு மாணவி. நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டும், முதல் வரியில் அன்றைய பிழை இருக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் ஏற்பாடு. பிழை எதுவும் அகப்படாத நாளில் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்று அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் பிறந்த வெண்மேட்டு நாட்டை மழை மறந்து பல காலம் ஆகியிருந்தது. அந்நாட்டில் அரியணை வாளாலும் வருவதில்லை, வாரிசாலும் வருவதில்லை. குழிப்பந்தால் வருகிறது, வெளிநாட்டார் கோல்ஃப் என்று சொல்லும் அதே ஆட்டம்தான். ஏழாண்டுக்குள் பதினெட்டுக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவர் எவரோ, அவரே அடுத்த ஏழாண்டுக்கு மன்னர். ஏரி மதகின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். பந்து நீரில் விழுந்தால் ஓர் அடி கூடும். சட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. புல் முளைத்த ஒரே இடம் அரண்மனைத் திடலாக இருந்ததால், மன்னர் பைந்தளிர்க்கோவைத் தவிர வேறு யாரும் ஆடிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு சித்திரை முதல் நாள் மன்னர் ஆடினார். எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. உடன் சென்று அடிகளை எண்ணியவர் புல்வெளி அமைச்சர் மகரபூடணர் ஒருவரே. அரியணை முத்திரை பொறித்த பந்துகள் அன்று மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும். பதினெட்டுக் குழிக்குப் பதினெட்டே அடி என்றும், ஒரே பந்து போதுமானதாக இருந்தது என்றும் அரசிதழ் அறிவித்தது.

மகிழ்ச்சியில் மன்னர் திடலைக் குடிகளுக்குத் திறந்துவிட்டார். பொதுத் திடல் என்று பெயர் வைத்தார். பொதுமக்கள் மிதிக்கப்போகும் புல் என்பதால் அதற்கு இரண்டு மடங்கு நீர் வேண்டியிருந்தது. ஏரியின் முதல் மதகு திடலுக்குத் திரும்பியது. அஞ்சுகம் குடியிருந்த பித்தளைத் தெருவில் குழாய் நான்கு நாளைக்கு ஒருமுறை இருமத் தொடங்கியது.

முணுமுணுப்பு எழுந்தது. அமைச்சர் உடனே அடுத்த ஆணையைப் படித்தார்.

"திடலைக் குடிகளே மதிப்பிடலாம். குழிக்குப் பத்து மதிப்பெண். திடல் தோற்றால் நீர் தெருவுக்கு. வென்றால் இரண்டாம் மதகும் திடலுக்கே. ஆனால் ஆடாதவர் மதிப்பிடலாகாது."

அப்படித்தான் தெருவிலிருந்து நாற்பது பேர் மட்டை பிடிக்கப் போனார்கள். முப்பத்தொன்பது பேர் நான்காம் குழியோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பதினெட்டையும் முடித்தவள் அஞ்சுகம் ஒருத்திதான். முடிக்காமல் மதிப்பிடுவது முறையல்ல என்று அவளுக்குப் பட்டது.

அந்த விடியலை அவளால் மறக்க முடியவில்லை. பனிக்குள் எங்கோ நீர்த்தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. மழையின் ஓசை மட்டும் தனியே வந்து புல்லில் உலாவுவது போலிருந்தது. அவள் அடித்த பந்து வெண்மையில் எழுந்து, வெண்மையில் கரைந்து, விழும் சத்தமே இல்லாமல் போயிற்று. வெறுங்காலில் ஈரம் ஏறியது. பதினோராம் குழிக்கு முன்னால் ஒரு பெரிய குளம், கண் மூடிய முகம் போல அசையாமல் கிடந்தது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு சின்னச் சின்ன அடிகளாகப் போனாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குச் சங்கடம்.

மறுநாள் அவள் ஓர் அடியைக் கூட்டி எழுதச் சொன்னபோது அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"குறைக்கச் சொல்லி வருவோரைக் கண்டிருக்கிறேன். உன் தோல்வியைக் கூட்டிக்கொள்ள நீயே வந்தாயா, பெண்ணே?"

"தப்பா இருந்துச்சுங்க ஐயா. அதான்."

அவர் திருத்தத்தின் மேல் கையெழுத்திட்டு, அரக்கு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

மதிப்பெண் போட வேண்டிய மாலையில், குழாய்க்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மாணிக்கவல்லி வந்து நின்றாள்.

"என்னடி யோசனை? தெருவே முட்டை போடுது. நீயும் போடு."

"புல்லு நல்லா இருக்குக்கா. நல்லா இருக்கறதுக்கு எப்படி முட்டை போடறது?"

"நல்லா இல்லாம என்ன செய்யும்? என் கடைத் தண்ணியக் குடிச்சு வளர்ந்த புல்லுடி அது! ரெண்டு நாளா டம்ளரு கழுவத் தண்ணி இல்லாம துணியில துடைச்சுக் குடுக்கறேன். உன் நியாயத்தக் கரைச்சா டீ போடுவேன்?"

அஞ்சுகம் மதிப்பெண் தாளை விரித்தாள். திடலை மதிப்பிடுவது என்றால் அது குடித்த தண்ணீரையும் சேர்த்து மதிப்பிடுவதுதான் என்று முடிவுக்கு வந்து, எல்லாக் குழிக்கும் சுழியம் போட்டாள். சரிதானா என்று நாட்குறிப்பில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவைத்தாள்.

முடிவு நாளன்று அமைச்சர் கண்ணீர் மல்க மேடையேறினார்.

"குழிப்பந்தில் குறைந்த எண்ணே வெற்றி எண் என்பதை நாடறியும். நம் மன்னரே பதினெட்டுதான் எடுத்தார். திடலோ சுழியம் எடுத்திருக்கிறது! இப்படியொரு வெற்றி எந்த நாட்டிலும் கண்டதில்லை."

இரண்டாம் மதகும் திடலுக்குப் போனது. குழாய் எட்டு நாளைக்கு ஒருமுறை வந்தது.

தெரு கூடிப் பேசி மறு மதிப்பீடு கேட்டது. தாராளமாகக் கிடைத்தது. இம்முறை எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டார்கள். அமைச்சர் மறுபடியும் கண் கலங்கினார்.

"பள்ளிக்கூடக் குழந்தைக்கும் தெரியும், பத்துக்குப் பத்து என்றால் என்னவென்று!"

"போன தடவ சுழியம்தான் வெற்றின்னீங்களே, ஐயா?" என்று கூட்டத்திலிருந்து மாணிக்கவல்லி கத்தினாள்.

"அம்மணி, எண்ணுக்கு நிலையான பொருள் கிடையாது. அரசுக்குத்தான் உண்டு."

நிறைவடைந்த குடிகளுக்குக் குறை இருக்க நியாயமில்லை என்பதால் குழாயே பிடுங்கப்பட்டது. அது நின்ற இடத்தில் புல் நட்டார்கள்.

"இனிமே நீ எழுதறதுல என்னடி இருக்கு?" என்றாள் மாணிக்கவல்லி. அவள் அடுப்பு அணைந்திருந்தது.

அஞ்சுகத்துக்கும் தெரியவில்லை. தெரியாதபோது அவள் செய்வது ஒன்றுதான்: விதிநூலை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். முப்பத்தொன்றாம் விதியில் விரல் நின்றது. நீரில் விழுந்த பந்தை, ஆட்டக்காரர் தமக்கு வசதியான எந்தக் கருவியாலும், கிடைக்கும்வரை தேடலாம். துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம்.

"அக்கா, உங்ககிட்ட எத்தன குடம் இருக்கு?"

ஆனி முதல் நாள், பனி விலகுமுன் பித்தளைத் தெரு முழுவதும் ஆடப் போனது. அஞ்சுகம் பதினோராம் குழிக்கு முன்னால் நின்று மட்டையை வீசினாள். முதல் வீச்சு காற்றில் போனது. குறித்துக்கொண்டாள். இரண்டாம் வீச்சில் பந்து குளத்தின் நடுவே விழுந்தது. முந்நூறு குடங்கள் தேடத் தொடங்கின. பனிக்குள் பெண்கள் வருவதும் போவதும் வெள்ளைத் துணியில் நிழல் நடமாடுவது போலிருந்தது.

"பந்து கிடைச்சுதா?" என்று புல்காவலர்கள் கேட்கும்போதெல்லாம், "இந்தக் குடத்துல இல்லீங்க" என்று மாணிக்கவல்லி பணிவோடு சொல்லிவிட்டுக் குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஒரே நாளில் இத்தனை ஆட்டக்காரர்கள் என்று அரண்மனையில் மணி அடித்துக் கொண்டாடினார்கள்.

மாலைக்குள் குளம் சேறாயிற்று. சேற்றில் ஏதோ முட்டையிட்டு வைத்தது போல வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. மாணிக்கவல்லி ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அரியணை முத்திரை. இன்னொன்று. அதிலும் அதே முத்திரை. ஐந்து குடம் நிறைந்த பிறகும் மிச்சம் இருந்தது.

"அடியேய், ஒரு பந்துதான் போதுமா இருந்துச்சுன்னாங்க?"

அஞ்சுகம் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். பந்து ஒவ்வொன்றும் நீருக்குள் போக ஓர் அடி, போனதற்கு ஓர் அடி. அவள் பையிலிருந்த அட்டையில், அரக்கு முத்திரையோடு, நூற்று நாற்பத்து நான்கு.

மாணிக்கவல்லி அந்த அட்டையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "மதகுச் சாவி உன் இடுப்புல நிக்குமாடி? நீயே குச்சி மாதிரி இருக்க."

"தெரியலக்கா. மொதல்ல எண்ணணும்."

அதற்குள் அமைச்சர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஐந்து குடங்களைப் பார்த்தார். அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். தம் கையெழுத்தையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்:

"நாளை காலை எண்ணிக்கை. பெரிய எண் வெற்றியா, சிறிய எண் வெற்றியா என்பது எண்ணி முடித்த பின் அறிவிக்கப்படும்."

அன்று மாலை அஞ்சுகம் முகம் கழுவினாள், பல நாட்களுக்குப் பிறகு இரண்டு முறை. பிறகு நாட்குறிப்பைத் திறந்தாள்.

ஆனி 1. இன்றைய பிழை: முதல் வீச்சு காற்றில் போனது. ஓர் அடி.

நாளை செய்ய வேண்டியது: பந்துகளை இருமுறை எண்ண வேண்டும். எந்த எண் வெற்றி என்று அமைச்சர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். அதுவரை குடங்களின் மேல் மாணிக்கவல்லி அக்கா உட்கார்ந்திருக்க வேண்டும்.