புகை இல்லை அக்கா, டிராம்போன்

பிளானோ, டெக்சாஸ்
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய தனபாக்கியம் அக்காவுக்கு,

தங்கை எழிலரசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் வெண்பாவும் நல்ல சுகம். என் நுரையீரலும் நல்ல சுகம். அங்கே உன் முட்டிவலி, மாமாவின் சர்க்கரை, புதிதாக வாங்கிய மிக்ஸி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

நுரையீரலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது உனக்கே தெரியும். போன வாரம் நீ அனுப்பிய பதினான்கு நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். முதல் ஆறு நிமிடம் அழுகை. அடுத்த ஐந்து நிமிடம், அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது. கடைசி மூன்று நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வந்தாய். "ஏன்டி எழிலு, அமெரிக்காவுல போயி பீடி குடிக்கற அளவுக்கு உனக்கு என்னடி கஷ்டம் வந்துச்சு?" போனில் பதில் சொல்லலாமென்றால் நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் உட்கார்ந்து நீளமாக டைப் பண்ணுகிறேன். மாமாவைவிட்டு உரக்கப் படிக்கச் சொல்லாமல் நீயே கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

அக்கா, நான் பீடி குடிக்கவில்லை. சிகரெட்டும் இல்லை. இங்கே பிள்ளைகள் வாயில் வைத்து ஆவி விடுகிறார்களே, பேட்டரி போட்ட சிகரெட், வேப் என்பார்கள், அதுவும் இல்லை. நான் ஊதுவது டிராம்போன். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட் வரும்போது ஓரமாக ஒருவர் நீளமான பித்தளைக் குழாயை முன்னாலும் பின்னாலும் நீட்டி இழுத்துக்கொண்டே நடப்பாரே, அது. ஐம்பத்தொரு வயதில், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிற, இரண்டு முறை பித்தப்பைக் கல் வந்த உன் தங்கை அதைத்தான் எட்டு மாதமாகத் க்ளாஸெட் என்கிற துணி அறைக்குள் ஒளிந்து நின்று ஊதிக்கொண்டிருந்தாள். இதற்குப் பீடியே மேல் என்று உனக்குத் தோன்றினால், அப்படி நினைக்கிற முதல் ஆள் நீ இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெண்பா ஆறாவதிலும் ஏழாவதிலும் பள்ளிக்கூட பேண்டில் அதை வாசித்தாள். அப்புறம் போரடிக்கிறது என்று விட்டுவிட்டு விவாதக் குழுவில் சேர்ந்தாள். அந்தப் பயிற்சியை என்மேல் நடத்துகிறாள். டிராம்போன் கறுப்புப் பெட்டியோடு க்ளாஸெட் மூலையில் கிடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று துடைக்க எடுத்தவள், சும்மா வாயில் வைத்து ஒரு ஊது ஊதினேன். அக்கா, என்னிடமிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. நம் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "என்ன?" என்று இரண்டாவது தடவை கேட்பீர்கள். ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, "எழில், உங்க மைக் ஆஃப்ல இருக்கு" என்பார்கள், மைக் ஆனில் இருக்கும். அப்படிப்பட்டவள் ஊதியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் இன்னும் நாலு ஊது ஊதினேன்.

அன்று சாயங்காலமே எங்கள் தெருக்காரர்களின் ஆன்லைன் குழுவில் ஒருவர், மாடு ஏதாவது வழிதவறி இந்தப் பக்கம் வந்துவிட்டதா, வலியில் கத்துகிறது, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். டெக்சாஸ் என்பதால் மற்றவர்களும் அதைச் சந்தேகப்படவில்லை. ஒரு அம்மாள், அந்தக் குரலைக் கேட்டால் கன்று போடப்போகிற மாதிரி இருக்கிறது என்று பதில் போட்டிருந்தார். அதை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது படித்துக்காட்டி, சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மாடு நான்தான் என்று சொல்ல தைரியம் வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கருவியை வரவழைத்தேன். ஊதுகிற குழாயின் அகன்ற வாயில் செருகுவதற்கு ஒரு அடைப்பான். அதற்குள் குட்டி மைக். அதிலிருந்து ஒரு ஒயர் கையடக்கமான கறுப்புப் பெட்டிக்குப் போகும். பெட்டியில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் நாம் வாசிப்பது நமக்கு மட்டும் கேட்கும். வெளியே உலகத்துக்கு ஒன்றும் கேட்காது. கேட்பதுகூட சும்மா இல்லை. பெரிய மண்டபத்தில் நின்று வாசிக்கிற மாதிரி முழங்கும். அப்பளம் கடித்தால்கூட அந்தப் பெட்டி அதை அரண்மனையில் கடித்த அப்பளமாக்கிவிடும். நான் அதை உணராமல், முழங்குவது என் திறமை என்று நினைத்துவிட்டேன். க்ளாஸெட்டில் புடவைகளுக்கு நடுவே நின்று ஒரு பழைய சினிமாப் பாட்டை (எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், அப்புறம் நீ அதை ஜென்மத்துக்கும் கேட்க மாட்டாய்) வாசித்து முடித்து, என் வாசிப்புக்கு நானே கண்கலங்கியிருக்கிறேன். ஒரு நாள் புடவைகளைப் பார்த்துக் குனிந்து வணக்கமும் வைத்தேன். என் கூறைப்புடவை மரியாதைக்கு எழுந்து நிற்கிற மாதிரி தோன்றியது. ஹேங்கரில் தொங்குவது எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பது கீழே சமைக்கப் போன பிறகுதான் உறைத்தது.

இப்போது இதை வெளியிலிருந்து பார். பக்கத்து அறையில் வேலை பார்க்கிற அவருக்குக் கேட்பதெல்லாம், தாழ்ப்பாள் போட்ட க்ளாஸெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸ்... புஸ்ஸ்... என்று மூச்சு. நடுவில் ஒரு பெருமூச்சு. ஊதுவதற்கு முன்னால் வாயைச் சுத்தம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட்டதெல்லாம் குழாய்க்குள் போய்விடும். அதனால் நான் சாயங்காலம் நாலு மணிக்குப் பல் விளக்குவேன். ஊதி முடித்தால் உதடு காயும், முகம் சிவக்கும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பேன். ஜாக்கெட் துணி அடுக்கிய டிராயரில் அந்தக் கறுப்புப் பெட்டி, சின்னதாக ஒரு விளக்கு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் புதினா மிட்டாய் டப்பா. இந்த நேரம் பார்த்து வெண்பாவின் பள்ளிக்கூடத்தில், உங்கள் பிள்ளை வேப் பிடிக்கிறதா, கண்டுபிடிப்பது எப்படி என்று பெற்றோருக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். கதவைச் சாத்திக்கொள்வது, தாகம், புதினா வாசனை, காரணமில்லாத சந்தோஷம், சார்ஜ் போடுகிற சின்னப் பொருள். வெண்பா அதைப் படித்துவிட்டு நேராக அப்பாவிடம் போய், "டாட், ஐ திங்க் அம்மா இஸ் வேப்பிங்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் டிராயரைத் திறந்து பெட்டியை எடுத்து மோந்து பார்த்திருக்கிறார். புதினா அடித்திருக்கிறது.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் எனக்கு வருத்தம் தருகிற எதையும் அவர் நேராகச் சொன்னது கிடையாது. சாம்பாரில் உப்பு அதிகம் என்பதையே வெண்பாவைவிட்டுத்தான் சொல்வார். அதனால் இரண்டு தெரு தள்ளியிருக்கிற நம்ம கரூர் பிரீத்தியிடம், பக்குவமாக விசாரிக்கும்படி கேட்டிருக்கிறார். பிரீத்தி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா தினமும் காலையில் உன்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிறவர். மீதி உனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை பதினோரு மணிக்கு பிரீத்தி, திருமூர்த்தி அங்கிளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் ரிட்டையரான நெஞ்சு டாக்டர், தங்கமான மனுஷர். நான் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்கள். அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழில், எங்களுக்கு எல்லாம் தெரியும்மா. பயப்படாதே. நீ என் பொண்ணு மாதிரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிராம்போனைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா அங்கிள்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ?"

"ரெண்டு. லீவு நாள்னா மூணு."

"நிறுத்திப் பாத்தியாம்மா?"

"தீபாவளிக்கு ரெண்டு நாள் நிறுத்தினேன் அங்கிள். கை பரபரங்குது, முடியல."

பிரீத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கரகரத்த குரலில், "நானும் காலேஜ்ல ரெண்டு வருசம் பழகினவன்தான் எழிலு, உன்னட்டச் சொன்னதில்ல" என்றார். அடடா, இவரும் பேண்டில் இருந்தாரா, இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே என்று எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"சரிம்மா, யாரு பழக்கிவிட்டது?" என்றார் அங்கிள்.

"யாரும் பழக்கல அங்கிள். வெண்பாவோடதுதான். அவ ரெண்டு வருசம் பண்ணிட்டு விட்டுட்டா. வீணாப் போகுதேன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

எல்லோரும் சோபாவில் உட்கார்ந்திருந்த வெண்பா பக்கம் திரும்பினார்கள். அவள் துள்ளி எழுந்தாள். "வாட்! அம்மா! ஐ நெவர்! ஆறாங்கிளாஸ்லயா? டாட், ஷி இஸ் லையிங்!" அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஆறாங்கிளாஸ்லயே..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, பள்ளிக்கூடத்துலதான சொல்லிக்குடுத்தாங்க, நீங்கதான அதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க" என்று நான் கேட்டேன். அக்கா, அந்த அறையில் அதற்கப்புறம் நிலவிய அமைதியை எந்த அடைப்பானும் கொண்டுவர முடியாது.

விஷயம் தெளிவாகக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் மாடிக்குப் போய் டிராம்போனை எடுத்து வந்து காட்டினேன். அங்கிள் நம்பாமல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு நெஞ்சை நான் பாத்ததில்ல, இருபது வயசுப் புள்ளைக்கு இருக்கறாப்ல இருக்கு" என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. பிரீத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "வாசிச்சுக் காட்டுங்க எழிலக்கா!" என்றாள். நான் அடைப்பானைக் கழற்றினேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக. ஹெட்ஃபோன் இல்லை, மண்டபம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டை ஆரம்பித்தேன்.

உன்னிடம் மறைப்பானேன். கரூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் ஒரே சமயத்தில் ரிவர்ஸ் எடுத்தால் எப்படியிருக்கும், அதில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. இது நான் இல்லை, வேறு எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், அங்கிள் தன் காது கேட்கும் மெஷினை மரியாதையாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினேன். என் வீட்டுக்காரர்தான் யோசித்துவிட்டு, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "எழிலு, கோவிச்சுக்காத. சிகரெட்டா இருந்தா டாக்டர் மருந்து குடுத்திருப்பாரு."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் எனக்கு இரண்டும் வந்தது. எல்லோரும் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக ஒரு பெட்டி என்னை ஏமாற்றியதைவிட, அதை நம்பிப் புடவைகளுக்கு வணக்கம் வைத்ததுதான் வெட்கமாக இருந்தது. வெண்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விவாதம் பண்ணப்போகிறாள் என்று தயாரானேன். அவள் டிராம்போனை வாங்கி, "யூ ஆர் பின்ச்சிங் யுவர் லிப்ஸ், அம்மா. அடைச்சு வெச்சே பிராக்டிஸ் பண்ணா அப்படித்தான் ஆகும். கொஞ்சம் லூஸா விடு" என்று ஊதிக்காட்டினாள். மூன்று வருஷமாகத் தொடாதவள், ஒரே ஒரு ஸ்வரம், நல்ல நெய் ஊற்றினாற்போல வந்தது. நான் ஊதினேன். "நோ." மறுபடி ஊதினேன். "நோ." பதினோராவது தடவை, "ஓகே, தட் வாஸ் நாட் ஹாரிபிள்" என்றாள். அக்கா, இந்த ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான். இந்த வாரம் முழுக்க தினமும் அரை மணி நேரம் கராஜில் நிற்க வைத்துச் சொல்லித்தருகிறாள். திட்டுகிறாள், தலையில் அடித்துக்கொள்கிறாள், ஆனால் வருகிறாள். எனக்கு வாசிப்பு வராமலே போனாலும் பரவாயில்லை, மெதுவாகத்தான் வரட்டும் என்றிருக்கிறது.

ஆகவே புகை இல்லை, பீடி இல்லை, கஷ்டமும் இல்லை. இதை நம் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் தெளிவாகச் சொல்லிவிடு. முக்கியமாக பிரீத்தியின் அம்மாவிடம் முதலில் சொல். மாமாவுக்கு என் வணக்கங்கள். முருகன் உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்; எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கண் வைக்கட்டும்.

இப்படிக்கு,
காற்றைத் தவிர வேறு எதையும் ஊதாத உன் தங்கை
எழிலரசி

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகிற நேரத்தில் பிரீத்தி போன் பண்ணினாள். "உங்க பேரைக் கெடுத்தது நான்தான் எழிலக்கா, அதை நானே சரி பண்ணிட்டேன்" என்றாள். பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்க மேடையில் தொடக்கமாக வாழ்த்துப் பாட்டை நான் டிராம்போனில் வாசிப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டாளாம், நோட்டீசே அச்சாகிவிட்டதாம், அறுநூறு பேர் வருவார்களாம். அதனால் அக்கா, மேலே எழுதியது எதையும் யாரிடமும் சொல்லிவிடாதே. யார் கேட்டாலும், ஆமாம், பீடிதான், ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு, நுரையீரல் மொத்தமாகப் போய்விட்டது, மெழுகுவர்த்தி அணைக்கக்கூட அவளுக்கு மூச்சு இல்லை என்று அழுதுகொண்டே சொல். நாளைக் காலை நடைப்பயிற்சியிலேயே சொல்லிவிட்டால், இங்கே நான் காபி குடித்து முடிப்பதற்குள் பிரீத்திக்கு வந்து சேர்ந்துவிடும்.