கேப்டன் மென்னு முடிக்கட்டும்

ஒரு காட்டுல ஒரு ஏரோப்ளேன் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான். அதை ஓட்ட ஒரு கேப்டன், அதை நிர்வாகம் பண்ண ஒரு கூட்டம் நரி.

கேப்டன் பேரு ஏகாம்பரம். யானை. அவரு உக்காந்தா காக்பிட்ல இருக்குற ரெண்டு சீட்டுல ஒண்ணே முக்கால் சீட்டு ரொம்பிடும். மிச்சம் இருக்குற கால் சீட்டுக்குப் பேருதான் கோ-பைலட் சீட்டு.

அதுல முன்னாடி மரகதம்னு ஒரு கிளி உக்காந்திருந்துச்சு. கேப்டன் எதைச் சொன்னாலும் கோ-பைலட் அதைச் சரிபார்த்துத் திருப்பிச் சொல்லணும்னு விமானச் சட்டம். நரிங்க இதைப் படிச்சப்போ "சரிபார்த்து"ங்குற எடத்துல கொட்டாவி வந்துடுச்சு. "திருப்பிச் சொல்லணும்" மட்டும் மண்டையில ஏறுச்சு. இந்த வேலைக்குக் கிளியை விட்டா வேற யாருன்னு முடிவு பண்ணிட்டாங்க. "சக்கரம் எறக்கியாச்சு"ம்பாரு ஏகாம்பரம். "சக்கரம் எறக்கியாச்சு"ன்னு சொல்லும் மரகதம். எறங்குச்சா இல்லையான்னு அந்தச் சக்கரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

மரகதம் முட்டை வெக்க லீவுல போச்சு. அந்தக் கால் சீட்டுக்குத் தற்காலிகமா வந்தவதான் பவுனு.

பவுனு ஒரு ஆள்காட்டிக் குருவி. அந்த வம்சத்தைப் பத்தித் தெரியும்ல. வேட்டைக்காரன் புதருக்குள்ள காலை வெச்சா போதும், காடு பூரா கேக்குற மாதிரி கத்தி ஊரைக் கூட்டிடுங்க. அதுங்க வாயால பொழைச்ச மானும் முயலும் எத்தனையோ. ஒண்ணாவது வந்து தேங்க்ஸ் சொல்லிருக்குமா? "தூக்கம் கெட்டுச்சு"ன்னு வேணா சொல்லிருக்கும்.

பவுனு வேலைக்குக் கெளம்புனப்போ அவ அம்மா கேட்டா: "சொந்தமா ரெக்கை வெச்சுக்கிட்டு எதுக்குடி தகரத்துல ஏறிப் பறக்கணும்?"

"எனக்கு ரெக்கை இருக்கும்மா. ஆமைக்கு இருக்கா? அதுவும் ஊருக்குப் போய்ச் சேரணும்ல."

இது அவளுக்கு வெறும் சம்பள வேலை இல்ல. அந்தச் சீட்டுல கத்தத் தெரிஞ்ச ஒருத்தி உக்காரணும்னு அவளுக்குப் பிடிவாதம். ஆனா கேப்டன் "புள்ளை பரவால்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னாதான் வேலை நிரந்தரம். இல்லேன்னா கிளி திரும்பி வந்துடும்.

இதுல ஒரு சிக்கல். அந்தக் காட்டுல, பெரியவங்க மென்னுக்கிட்டிருக்கும்போது சின்னவங்க வாயைத் திறக்கக்கூடாது. அப்படியொரு மரியாதை. புலிக்கு இது சரி. ஒரு நாள் தின்னா நாலு நாள் தூங்கும். யானை பொழுது விடிஞ்சதுலேர்ந்து அடையற வரைக்கும் மெல்லும். ஏகாம்பரம் காக்பிட்டுக்குள்ள வரும்போதே ஒரு கட்டுக் கரும்போட வருவாரு. ப்ளேன் எறங்கும்போது சக்கைதான் மிஞ்சும்.

பாதுகாப்பு வகுப்பு எடுத்தது மேனேஜர் நல்லதம்பி. நரிதான், அந்தப் பேரை யாரு வெச்சாங்களோ. "ஆபத்துன்னு தெரிஞ்சா கோ-பைலட் தைரியமா எடுத்துச் சொல்லணும். கேப்டன் மென்னு முடிச்சதும்."

பவுனு ரெக்கையைத் தூக்குனா. "அதுக்குள்ள தரை வந்துட்டா சார்?"

"தரைக்கும் மரியாதை தெரியும்மா. உக்காரு."

"ரெண்டு தடவை சொல்லியும் கேப்டன் கேக்கலேன்னா கோ-பைலட்டே கன்ட்ரோலை எடுத்துக்கலாம்னு சட்டத்துல இருக்கே?"

"இருக்கு. அது ஃபாரின்காரன் வந்தா காட்டுறதுக்கு."

அன்னிக்கு ப்ளேன்ல ஏறுனது ஒரு முள்ளம்பன்றிக் கல்யாண கோஷ்டி. மாப்பிள்ளையோட அப்பா வேலாயுதம் முதல் வரிசையில முள்ளை விரிச்சு உக்காந்திருந்தாரு. பக்கத்து சீட்டு தானா காலியாயிடுச்சு. மேல பறந்த வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ரன்வே கண்ணுல பட்டதும் ஏகாம்பரம் ஒரு முழுக் கரும்பை வாயில சொருகிக்கிட்டு, "சக்கழம் எழக்கியாச்சு"ன்னாரு.

பவுனு பாத்தா. சக்கரம் எறங்குனா எரியற பச்சை லைட்டு எரியல. லீவரை அவரு தொடவே இல்ல.

முதல்ல ஒழுங்கா இருந்து பாத்தா. இருமுனா. ரெக்கையால லைட்டைக் காட்டுனா. ஏகாம்பரம் தும்பிக்கையைத் தூக்கி, "இரு, மென்னுட்டு வரேன்"னு சைகை காட்டுனாரு. கீழ மரமெல்லாம் பெருசாயிக்கிட்டே வந்துச்சு.

"சார், சக்கரம் எறங்கல."

மெல்லுறது நின்னுச்சு. தலையைத் திருப்பி அவளை ஒரு பார்வை பாத்துட்டு மறுபடி மெல்ல ஆரம்பிச்சாரு.

"சார், ரெண்டாவது தடவை சொல்றேன். சக்கரம் எறங்கல. வயித்தாலதான் எறங்கப் போறோம்."

ஸ்பீக்கர் ஆன்ல இருந்திருக்கு. பின்னாடி வேலாயுதம் சம்பந்தியம்மாகிட்ட சொன்னது காக்பிட் வரைக்கும் கேட்டுச்சு: "என்ன பொண்ணு இது. பெரிய மனுஷன் மெல்லும்போது பேசுது."

"வளர்ப்பு அப்படி"ன்னாங்க சம்பந்தியம்மா.

"நான் எடுத்துக்குறேன்"னு சொல்லிட்டு பவுனு பாய்ஞ்சா. ரெண்டு மஞ்சக் காலாலயும் கன்ட்ரோலைக் கவ்வி இழுத்தா. அவ கனத்துக்கு அது அசையாதுதான், கோவத்துக்கு அசைஞ்சுச்சு. மூக்கைத் தூக்கிக்கிட்டு ப்ளேன் மறுபடி மேல ஏறுச்சு. லீவர் மேல குதிச்சா. சக்கரம் எறங்குச்சு. பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. ஒரு சுத்து சுத்திட்டு வந்து பூ மாதிரி எறக்குனா.

காக்பிட்ல ஒரே ஒரு சேதம்தான். கேப்டன் வாயில இருந்த கரும்பு கீழ விழுந்துடுச்சு.

விசாரணை அந்தக் கரும்பைப் பத்திதான் நடந்துச்சு.

"விபத்து நடக்க இருந்துச்சு சார்"னா பவுனு.

"எங்க நடந்துச்சு?" நல்லதம்பி சுத்திமுத்தும் பாத்தாரு. "ஒரு ஆளுக்காவது அடி பட்டிருக்கா?"

"இல்ல. நான் தடுத்துட்டேன்."

"நடக்காத ஒண்ணை எப்படிம்மா தடுப்ப? ஒரு விபத்து நடந்திருந்தா உன் பேச்சுல நியாயம் இருக்குன்னு நாங்களே சொல்லிருப்போம். இங்க நடந்தது ஒண்ணே ஒண்ணு. கரும்பு விழுந்துச்சு."

"தரையில விழுந்துச்சு"ன்னாரு ஏகாம்பரம். "இன்னும் சாறு இருந்துச்சு."

நரிங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஒரு நரி கண்ணைத் தொடைச்சுக்கிச்சு. பவுனுக்கு வேலை போச்சு. மரகதத்தை லீவுலேர்ந்து கூப்பிட்டாங்க.

பவுனு ரன்வே ஓரமா இருந்த ஜல்லிக் குவியல்ல போய் உக்காந்துக்கிட்டா. வீட்டுக்குப் போனா அம்மா "நான் அப்பவே சொன்னேன்"பா. அதைக் கேக்குறதுக்கு ஜல்லியே தேவலை.

கல்யாணம் முடிஞ்சு வேலாயுதம் கோஷ்டி திரும்பி வந்த அன்னிக்கு மேகம் இல்லாத நல்ல வானம். ப்ளேன் தாழ வந்துச்சு. வயிறு வழவழன்னு தெரிஞ்சுச்சு. கீழேர்ந்து பவுனு தொண்டை கிழியக் கத்துனா. மேல ஏகாம்பரம் "சக்கழம் எழக்கியாச்சு"ன்னிருப்பாரு, கிளி "சக்கழம் எழக்கியாச்சு"ன்னிருக்கும், ரெண்டு பேருக்குள்ள ஒரு மனஸ்தாபமும் இல்ல. தகரம் தரையில ஒரசுன சத்தத்துல காடே காதைப் பொத்திக்கிச்சு. ரன்வே பூரா தீப்பொறி பறக்க வழுக்கிப் போன ப்ளேன் கடைசியில ஒரு புளியமரத்துல சாஞ்சு நின்னுச்சு.

உசிரு போகல. அதுதான் வினையாப் போச்சு. "சக்கரமே இல்லாம எறக்குன மகராசன்"னு ஏகாம்பரத்துக்கு மாலை போட்டாங்க. சிறந்த குழு ஒற்றுமைக்குன்னு கிளிக்கு ஒரு கோப்பை. ஏத்துக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. கிளி வாயைத் திறந்துச்சு: "க்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்."

தகரம் ஒரசுன அதே சத்தம். அதுக்கப்புறம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். "பயணிகள் ஏறலாமா?" "க்ர்ர்ர்ர்ர்." யாரு ஏறுவாங்க?

வேலாயுதம் பாதி முள்ளு வளைஞ்சு ஜல்லிக் குவியல் பக்கம் நொண்டிக்கிட்டு வந்தாரு. "ஏம்மா, நீ அன்னிக்குச் சொன்னது இதைத்தானா?"

"இதையேதான்."

"கொஞ்சம் மரியாதையா, அவரு மெல்லாத நேரமாப் பாத்துச் சொல்லிருந்தா கேட்டிருப்பாரு."

பவுனுக்கு வந்த கோவத்துல ரெண்டு ஜல்லி தெறிச்சுச்சு. "மெல்லாத நேரம்னு ஒண்ணு இருந்தா நீங்களே சொல்லுங்க பெரியவரே. கையில கரும்பு இருக்குற வரைக்கும் அவரு மெல்லுவாரு. அவரு மெல்லுற வரைக்கும் நான் ஊமை. முடிஞ்சுதா?"

வேலாயுதம் யோசனையா வளைஞ்ச முள்ளு ஒண்ணை நிமித்துனாரு.

"அந்தக் கரும்பு," அவரு குரல் எறங்குச்சு, "நல்லா இனிக்குமா?"

பவுனு அவரை ஏற எறங்கப் பாத்தா. முள்ளம்பன்றிக்கும் கரும்புக்கும் இருக்குற சம்பந்தம் எந்தத் தோட்டக்காரனைக் கேட்டாலும் அழுதுக்கிட்டே சொல்லுவான்.

கிளியை விட்டா அந்தக் கால் சீட்டுல உக்கார வேற நாதியில்ல. நல்லதம்பியே ஜல்லிக்கு நடந்து வந்தாரு. "ஒரே நிபந்தனை. கேப்டன் மெல்லும்போது பேசக்கூடாது."

"ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார்."

நரிக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

தகரத்தைத் தட்டி நிமித்தி, மறுபடி ப்ளேன் கெளம்புன அன்னிக்கு, மேல போய் நிமிர்ந்ததும் ஏகாம்பரம் சீட்டுக்குப் பின்னாடி தும்பிக்கையை விட்டுத் துழாவுனாரு. இந்தப் பக்கம் துழாவுனாரு. அந்தப் பக்கம் துழாவுனாரு.

"ஏம்மா, கட்டு இங்கதானே வெச்சேன்?"

"எலியா இருக்கும் சார்."

பின்னாடி வரிசையில ஒரு முள்ளம்பன்றிக் குடும்பமே வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஜன்னல் வழியா மேகத்தை ரசிச்சுக்கிட்டிருந்துச்சு. வேலாயுதம் மட்டும் மெதுவா ஏப்பம் விட்டாரு.

ரன்வே தெரிஞ்சுச்சு.

"சக்கரம் எறக்கியாச்சு"ன்னாரு ஏகாம்பரம். அன்னிக்கு 'ர' தெளிவா வந்துச்சு.

"எறக்கல சார். லைட்டு எரியல."

ஏகாம்பரம் விருட்டுனு திரும்புனாரு. கோவப்படணும்னு வாயைத் திறந்தாரு. வாயில ஒண்ணுமே இல்ல. மெல்லாத பெரியவருகிட்டச் சின்னவங்க பேசுறது எந்த வகையில தப்புன்னு தேடிப் பாத்தாரு. கெடைக்கல. வேற வழியில்லாம லைட்டைப் பாத்தாரு. அப்படி ஒரு லைட்டு அங்க இருக்குறதே அவருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

தும்பிக்கையை நீட்டி லீவரை இழுத்தாரு. சக்கரம் எறங்குச்சு. ப்ளேன் எறங்குச்சு. ஆமை, முயல், முள்ளம்பன்றி எல்லாம் மூட்டை முடிச்சோட நடந்து போச்சுங்க. தேங்க்ஸ் சொல்லல.

வாசல்ல நல்லதம்பி காத்துக்கிட்டிருந்தாரு. "எப்படி சார், அந்தப் பொண்ணு?"

ஏகாம்பரம் வெறும் வாயைச் சப்புக் கொட்டுனாரு. "புள்ளை பரவால்ல. முன்ன மாதிரி இல்ல. இப்பல்லாம் நேரம் பாத்துப் பேசுது."

பவுனுக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. வேலாயுதம் குடும்பத்துக்கும்தான்; ஒரு நாள் விடாம அந்த ப்ளேன்லதான் போறாங்க, வராங்க. எங்க போறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

நீதி: கூட்டு முயற்சி உயிரைக் காக்கும். அதனால கரும்பை ஒத்தையில திருடாதே.