மடிப்புக்குள் மாட்டிய மாமா

வீட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், காற்றாடி சுற்றாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். (நானும் வெட்கமில்லாமல் போய் நிற்பேன்.) தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு, எங்கள் ஊர் காஜா பெராங் மண்டபத்துத் திரையில் சொந்தக்காரர் பெயர்களை ஓடவிடும் புரோகிராமை நானே எழுதுகிறேன் என்று பீற்றிக்கொண்டது அந்தக் கொழுப்பில்தான்.

புரோகிராமை அடிக்க நான் பயன்படுத்திய எடிட்டரில், நீளமான பகுதியைத் தலைப்பு மட்டும் தெரிய ஒரே வரியாக மடித்துவிடலாம். அப்பா பக்கம், அம்மா பக்கம் என்ற இரண்டு பெயர்ப்பட்டியலையும் அப்படி மடித்து வைத்திருந்தேன். ஆட்கள் வந்து உட்காரும் நேரத்தில், 'அம்மா பக்கம்' என்ற தலைப்பு சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. மேலே 'தாய்வழி உறவுகள்' என்று அழகாக அடித்துவிட்டு, பழைய வரியை அழித்தேன். ஒரே ஒரு வரி என்றுதான் நினைத்தேன்.

திரையில் அப்பா பக்கத்து ஆட்கள் வந்தார்கள். பெரியப்பாவின் டிரைவர்கூட வந்தார். அடுத்து 'தாய்வழி உறவுகள்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. கீழே ஒரு பெயர்கூட இல்லை. உடனே 'நன்றி, வணக்கம்'. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடிப்புக்குள் இருந்த அத்தனை பேரையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

முன்வரிசையில் அம்மாவின் ஒரே தம்பி, செல்வம் மாமா எழுந்தார். புக்கிட் ரம்பாயிலிருந்து சீர்த்தட்டுகளோடு வந்திருந்தார். தாய்மாமன் மாலை போடாமல் தங்கச்சி மணையில் உட்கார முடியாது. அவரோ தட்டுகளைத் திரும்பக் காரில் ஏற்ற ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓடிப்போய், "மாமா, பேரெல்லாம் இருந்துச்சு. மடிச்சு வெச்சேன், போயிருச்சு" என்றேன்.

"மடிச்சு வைக்க நான் என்ன கைலியா?"

அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து மாமா இறங்கி வந்தார், ஆனால் சும்மா இல்லை. "இப்பவே, எல்லாரும் பார்க்க, நான் சொல்லச் சொல்ல அடி மாப்ளே."

நான் தட்டுத்தடுமாறி அடிப்பதை மண்டபமே திரையில் பார்த்தது. மாமா தன் பெயரில் ஆரம்பித்தார். மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஒரு வரி காலியாக விடச் சொன்னார். பந்தியில் சோறு ஆறிப்போனது. அதற்கப்புறம்தான் தங்கச்சி கழுத்தில் மாலை விழுந்தது.

என் கல்யாணத்தில் திரையே கூடாது என்று சொல்லி, மாமாவே மைக்கைப் பிடித்தார். தன் பக்கத்து ஆட்களை ஒருவர் விடாமல் சொல்லிவிட்டு, "மாப்பிள்ளையோட அப்பா பக்கத்து ஆளுங்கள மடிச்சு வெச்சிருக்கேன், சாப்பாட்டுக்கு விரிஞ்சு வந்துருங்க" என்றார்.

அப்பா பக்கத்து அத்தைமார் இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால், "விரிஞ்சு வந்துட்டோம்பா" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.